ஆறாவது படியில் ஒருத்தி

"ஒரு ஸ்டாம்புக்கு ஒரு வார்த்தை. சம்மதமா டீச்சர்?"

"என்ன வார்த்தை?"

"தமிழ் வார்த்தை. நீங்க ஒரு ஸ்டாம்பு வாங்குறீங்க, நான் ஒரு வார்த்தை வாங்கிக்கிறேன்."

"தபால் ஆபீஸ் சட்டத்துல அதுக்கு இடம் இருக்கா?"

"இல்லைன்னு எங்கேயும் எழுதிப்போடல."

"தேவதாஸ் பிள்ளைன்னு பேரை வச்சுக்கிட்டுத் தமிழ் தெரியாதா உங்களுக்கு?"

"நான் கம்போங் செட்டிக்காரன், டீச்சர். வீட்டுல பேசுறது மலாய். எங்க சாமிக்குத் தமிழ் தெரியும், எனக்குத் தெரியாது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுல இருக்கிற பிள்ளையார் முன்னாடி போய் நின்னா, வழி கேட்கத் தெரியாம பஸ்ஸை விட்டு இறங்கினவன் மாதிரி முழிக்கிறேன்."

"சரி, முதல்ல என்ன வார்த்தை?"

"எனக்கு இதைக் குடுன்னு சாமிகிட்ட கேட்கிறதுக்கு என்ன சொல்லணும்?"

"வேண்டும்."

"வேண்...டும்," என்று அவன் சொல்லிப் பார்த்தான். ஸ்டாம்பைக் கிழித்துக் கம்பிக்கடியில் தள்ளினான்.

பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். ஆறு வருஷம் போன பின்பு விஜயாவுக்கு அது ஏனோ தமிழில் ஞாபகமிருந்தது. சிங்கப்பூரில் படிப்பை முடித்துவிட்டு மலாக்காவுக்கு வந்து பெண்கள் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது அப்போது. அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட ஸ்டாம்பை மொத்தமாக வாங்கியதில்லை. ஒன்று ஒன்றாகத்தான். ஸ்டாம்பு வாங்கிவிட்டால் ஒட்டுவதற்குக் கடிதம் வேண்டும். ஆகவே சொந்தக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போனது. ஈப்போவிலிருந்த சித்தி வாரம் தவறாமல் வந்த கடிதங்களைப் பார்த்துப் பயந்துபோய், 'உடம்புக்கு ஒன்றும் இல்லையே, அம்மா?' என்று பதில் எழுதிக் கேட்டாள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் ஒன்று இருந்தது. அது என்ன என்று விஜயாவுக்கு மூன்றாவது வருஷமே தெரிந்துவிட்டது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய ஆள் அண்ணன் பொன்னுதுரை. ஜாலான் பெண்டஹாராவில் மசாலாக் கடை வைத்திருந்தான். அப்பா இறந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது, விஜயாவுக்குப் பதினொன்று. மறுநாளே பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கொத்தமல்லி மூட்டையைத் தூக்கினான். அந்தப் பை அப்புறம் ஆணியை விட்டு இறங்கவேயில்லை. தங்கைக்குச் சிங்கப்பூரில் இடம் கிடைத்தபோது, 'இவள் படிப்பு முடியட்டும்' என்று தன் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப் போட்டான். இவ்வளவு கொடுத்தவனிடம் இன்னும் ஒன்றைக் கேட்பது பேராசை. விஜயா போட்டுவைத்த கணக்கு அது. கேட்காமல் இருப்பதே தான் காட்டுகிற நன்றி என்று நினைத்திருந்தாள். இருபத்தொன்பது வயது வரை அந்த நன்றி அவளுக்குப் பழகியும் போயிருந்தது.

அந்த டிசம்பரில் சிரம்பானிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம், பேங்கில் வேலை. பொங்கலுக்கு மறுநாள் பெண் பார்க்க வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "என்ன பாப்பா, வரச் சொல்லிறவா?" என்றான். விஜயா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். உலகத்து அண்ணன்மார் எல்லாம் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் கருணாகரன். கூடப் படித்தவர், இப்போது அங்கேயே விரிவுரையாளர். உள்ளே நாற்பத்தொரு படிவங்களும், பத்துப் படி உள்ள ஏணி வரைந்த ஓர் அட்டையும், நான்கு பக்கக் கடிதமும் இருந்தன.

'வருகிற ஆகஸ்டில் நாடு சுதந்திரம் அடையப்போகிறது,' என்று எழுதியிருந்தார். 'எத்தனை டன் ரப்பர், எத்தனை டன் ஈயம் என்று எண்ண ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று எண்ண ஒருத்தரும் இல்லை. எங்கள் மனோதத்துவப் புத்தகங்களைப் பார், விஜயா. பைத்தியம், பயம், துக்கம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அத்தியாயம் உண்டு. நன்றாக இருக்கிறவன் ஏன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு ஒரு பக்கம் கிடையாது. சுகத்தைக் கூட்டி வலியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சந்தோஷம் என்கிறார்கள் சிலர். அப்படி இல்லை, முழுமனசாகச் செய்ய ஒரு வேலை, ஒட்டி உறவாட நாலு பேர், எதற்காக வாழ்கிறோம் என்கிற பிடிப்பு, இவைதான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு கட்சியும் ஜனங்களைக் கேட்டதில்லை. நீ கேள். காஜா பெராங்கில் நாற்பது வீடு. முதலில் ஒரு தாளில் உன்னையே கேட்டுப் பார்.'

விஜயா தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஏணியில் கீழ்ப்படி மிக மோசமான வாழ்க்கை, பத்தாம் படி மிக நல்ல வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஆறு என்று எழுதினாள். ஐந்து வருஷத்துக்கு முன்பு? ஆறு. இன்னும் ஐந்து வருஷத்தில்? ஆறு. நேற்று நடந்த நல்ல விஷயங்கள் மூன்று. எழுதினாள். எந்த வேலையில் மூழ்கினால் நேரம் போவது தெரியாது? அதையும் எழுதினாள். பன்னிரண்டாவது, கடைசிக் கேள்வி: கேட்க நினைத்தும் இதுவரை யாரிடமும் கேட்காமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா?

அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாளை மடித்தாள்.

காஜா பெராங்கில், பழைய காலத்துத் தமிழ் வணிகர்களின் சந்ததியார் வாழும் கம்போங் செட்டியில், தமிழ் செல்லாது. அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய். அதுவும் பள்ளிக்கூட மலாய் அல்ல, தனக்கென்று ஒரு ராகம் உள்ள மலாய். கூட வந்து பேச ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். விஜயா தபால் ஆபீசுக்குப் போய் ஒரு ஸ்டாம்பு வாங்கினாள்.

"எனக்கு லீவு பாக்கி இருக்கு," என்றான் தேவதாஸ், அவள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள்.

அந்தப் பத்து நாளை நினைத்தால் விஜயாவுக்கு இப்போதும் சிரிப்பு வரும். காலை எட்டு மணிக்கே வெயிலுக்கு ஒரு குடையும் ஏணி அட்டையுமாக அவள் கோயில் முனையில் வந்து நிற்பாள். தேவதாஸ் நன்றாகத் தேய்த்த சட்டையோடு வருவான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பக்கத்து மூன்று வீடுகளும் பின்னாலேயே நுழையும். ஒருத்தியைக் கேட்டால் ஐந்து பேர் பதில் சொல்வார்கள்.

"இவளா? இவள் ஒன்பதாம் படியில நிக்கிறா. மறைச்சுப் பேசுறா. நேத்துகூடப் பாடிக்கிட்டே துணி துவைச்சா."

"பாடினேனா? பல் வலியாக்கும் அது!"

இப்படித்தான் போகும், மலாயில். தேவதாஸ் அதையெல்லாம் ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொல்லுவான். இடையிடையே ஸ்டாம்பு கொடுத்துச் சம்பாதித்த தமிழிலும் சொல்லுவான்.

நேற்று நடந்த நல்ல விஷயங்கள் மூன்று என்று கேட்டதற்கு ஒரு மருமகள் விரல்விட்டு எண்ணினாள்: "மழை பெய்யல, துணி காஞ்சது. மாமியார் மூவாருக்குப் போனாங்க. திரும்பி வர்ற பஸ் கெட்டுப்போச்சு." எந்த வேலையில் நேரம் போவது தெரியாது என்ற கேள்விக்கு ஒரு கிழவனார் நீண்டநேரம் யோசித்துவிட்டு, "பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்கிறதுல," என்றார். அதை அப்படியே எழுதினாள். மனோதத்துவம் என்ன செய்துகொள்ளுமோ செய்துகொள்ளட்டும்!

பதினேழாவது வீடு தேவதாஸின் அம்மா மீனாச்சியுடையது. வெள்ளைக் கெபாயாச் சட்டை, அதைச் சேர்த்துப் பிடிக்கும் மூன்று ஊசிகள், உருண்டை முகம். விஜயா ஏணி அட்டையை நீட்டியதும் அந்த அம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நேராகப் பிடித்துப் பார்த்தாள், பிறகு ஒன்பதாம் படியில் விரலை அழுத்தினாள்.

"ஏன் மாக்சிக், பத்து இல்லையா?" மூத்த பெண்களை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"பத்தா?" மீனாச்சி சிரித்தாள். "பத்துல போய் நின்னா அடுத்த அடி எங்க வைக்கிறது, டீச்சர்?"

பன்னிரண்டாவது கேள்விக்கு அவள் மகனைப் பார்த்தாள். பிறகு விஜயாவைப் பார்த்தாள். "என்கிட்ட ஒண்ணுமில்லை. கேட்க வேண்டியவங்க கேட்கட்டும்," என்றுவிட்டுத் தட்டு நிறைய டோடோல் இனிப்பு கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குத் தேவதாஸ் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

முப்பத்தொன்பது படிவங்கள் முடிந்தன. ஒன்று பாக்கி. கோயில் முனையில் மர நிழலில் நின்றுகொண்டு, "நாற்பதாவது ஆள் நீங்கதான்," என்றாள் விஜயா.

தேவதாஸ் படிகளை வேகமாகச் சொன்னான். ஏழு, ஐந்து, ஒன்பது. பன்னிரண்டாவது கேள்வி வந்ததும் நிறுத்தினான். சட்டைக் காலரைச் சரிசெய்தான். இங்கிலீஷை விட்டான், மலாயை விட்டான்.

"எனக்கு," என்றான் தமிழில். "நீங்க வேண்டும்."

ஆறு வருஷத்துக்கு முன்பு முதல் ஸ்டாம்புக்கு வாங்கிய வார்த்தை. அதை அவன் வெளியே எடுத்தது அன்றுதான்.

விஜயாவின் கையிலிருந்த பேனா தாளில் ஒரு பொட்டு மை வைத்தது. "இதை எழுதிக்கிறதா?" என்று கேட்டாள்.

"எழுதாதீங்க. பதில் சொன்னாப் போதும்."

"எனக்கும்தான்," என்றாள் விஜயா.

எதிர்வீட்டுக் கோழி ஒன்று அவர்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனது. தேவதாஸ் அதற்குக்கூட வழிவிடத் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றான். "நாளைக்கே உங்க அண்ணனை வந்து பார்க்கட்டுமா?"

"வேண்டாம். நான்தான் கேட்கணும். நீங்க வந்து கேட்டா அவர் உங்களுக்குப் பதில் சொல்லுவார். நான் கேட்டாத்தான் எனக்குச் சொல்லுவார்."

"எப்போ?"

"சிரம்பான்காரங்க வர்றதுக்குள்ள."

"சரி. ஆறு வருஷம் கவுண்டரைத் திறந்து வச்சவன், பொங்கல் வரைக்கும் திறந்து வைக்க மாட்டேனா?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனிடம் கேட்டுவிடுவது என்று வந்தாள். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி, "சிரம்பான்காரர் சீரகத் தண்ணிதான் குடிப்பாராம் பாப்பா, நம்ம கடைச் சீரகத்துக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பாரு," என்று சந்தோஷமாகச் சொன்னான். விஜயா ரசத்தை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் கடைக்கே போனாள். அண்ணன் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அந்தத் தோளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "மஞ்சள் தூள் வாங்க வந்தேன்," என்றாள். வீட்டில் மூன்று டின் மஞ்சள் தூள் இருந்தது.

ஜனவரி ஒன்பதாம் தேதி, அவள் அனுப்பிய படிவங்களுக்குப் பதிலாகக் கருணாகரனின் கடிதம் வந்தது. அண்ணி அஞ்சலை கூடத்தில் உட்கார்ந்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வைக்கப் பித்தளைத் தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் உன் வாத்தியாரு? சத்தமாப் படியேன், நானும் கேட்கிறேன்."

விஜயா படித்தாள். "'உண்மையைச் சொல். இந்தப் படிவங்களை உன் அண்ணன் கடையில் உட்கார்ந்து நீயே நிரப்பினாயா? நாற்பது பேர், ஆளுக்கு மூன்று எண், மொத்தம் நூற்றிருபது எண். ஐந்து, ஏழு, ஒன்பது, மூன்று. இரட்டைப்படை ஒன்றுகூட இல்லை! உலகத்தில் எங்கேயும் சந்தோஷம் இப்படி ஒன்றுவிட்டு ஒரு படியில் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களைத் தவிர ஒரே ஒரு ஆள் மட்டும்...'" அங்கே நிறுத்தி மடித்தாள்.

அஞ்சலை புளியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுல என்ன அதிசயம்? நல்லதை யாராச்சும் ரெட்டைப்படையில சொல்லுவாங்களா? இங்க பாரு, நான் எத்தனை தட்டு விளக்குறேன்? பதினொண்ணு. பத்தாவோ பன்னெண்டாவோ வச்சா உங்க அண்ணனே என்னை வீட்டைவிட்டுத் துரத்திடுவாரு. செட்டி ஆளுங்க நம்மளவிடக் கறார். சாமிக்குப் படைக்கிற இலைகூட அஞ்சு, ஏழுன்னுதான் போடுவாங்க. இத்தனை வருஷமா அந்த வீடுகளுக்கு மசாலா குடுக்கிறோம், எனக்குத் தெரியாதா? உன் வாத்தியாருக்குப் படிப்பு இருக்கு, கல்யாணம் ஆகலைபோல."

விஜயா வாய்விட்டுச் சிரித்தாள். நாற்பது பேரும் பொய் சொல்லவில்லை, விளையாடவும் இல்லை. தங்கள் வாழ்க்கையை நல்ல காரியமாக மதித்துத்தான் எண் சொல்லியிருக்கிறார்கள். பாதி ஏறி நிற்கிறவள்கூட, மேலே ஒன்று வரட்டும் என்று ஒற்றையில் நிறுத்தியிருக்கிறாள்.

"ஒரே ஒரு ஆள் மட்டும்னு ஆரம்பிச்சியே, அது என்ன?" என்றாள் அஞ்சலை.

"ஒரு ஆள் மட்டும் ஆறுன்னு போட்டிருக்காம்."

"ஆறா? பாவம், யாரு அந்தப் பொண்ணு?"

"பொண்ணுன்னு நான் சொல்லலையே அண்ணி."

"ஆம்பளையா இருந்தா நீ கடுதாசியை மடிச்சிருக்க மாட்டே." அஞ்சலை தட்டைத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். "ஆறுன்னா ஒண்ணு குறையுதுன்னு அர்த்தம். ஏழாவதை யாருகிட்டயோ கேட்கணும், கேட்காம இருக்கா. கேட்கச் சொல்லு விஜி. பதினொரு தட்டையும் விளக்கி முடிச்ச பிறகு கேட்டாள்னா எனக்குத்தான் கை வலி."

சொல்லிவிட்டு அண்ணி தலையைத் தூக்கவே இல்லை.

அன்று மாலை கருணாகரனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள். ஒற்றைப்படை விஷயத்தை எழுதினாள். அப்புறம் படிவங்களின் நகலை எடுத்து, எண்களை விட்டுவிட்டு, 'நேற்று நடந்த நல்ல விஷயங்கள்' என்ற பகுதியை மட்டும் வரிசையாகப் படித்தாள். எழுதும்போது கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. பக்கத்து வீட்டுக்காரி அரைத்த மிளகாய் கேட்டாள். பேரன் கதை சொல்லச் சொன்னான். கோயிலில் பூக்கட்ட ஆள் வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் கெபாயா இரவல் கேட்டாள், என்னுடையதைத்தான் கேட்டாள். மீனாச்சியின் தாளில்: மகன் இன்னொரு முறை சோறு கேட்டான்.

இவர்களெல்லாம் தங்களுக்குக் கிடைத்ததை எண்ணவில்லை. பிறர் தங்களிடம் வந்து கேட்டதை எண்ணியிருக்கிறார்கள்.

விஜயா பேனாவைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருஷமாக அண்ணனிடம் ஒன்றும் கேட்காமல் இருந்து, அவனுக்கு நல்லது செய்துகொண்டிருப்பதாக நினைத்தாளே! அவன் நாளின் மூன்று நல்ல விஷயங்களில், 'தங்கச்சி கேட்டாள்' என்று ஒன்று எப்போதாவது வந்திருக்குமா? அவன் கொடுத்ததெல்லாம் அவனாகவே பார்த்துப் பார்த்துக் கொடுத்தது. இவள் வாயால் கேட்டுக் கொடுத்தான் என்று ஒன்றுகூட இல்லை.

'கருணா, உங்கள் இரண்டு கட்சிக்கும் இங்கே இடம் இருக்கிறது,' என்று எழுதினாள். 'ஆனால் மூன்றாவதாக ஒன்று உங்கள் படிவத்தில் விட்டுப்போயிற்று. ஒருவர் நம்மிடம் உரிமையோடு வந்து கேட்பது பெரிய சந்தோஷம். அதை நீங்கள் கேள்வியாகச் சேர்க்கவேண்டும். அந்த ஆறாம் படிக்காரி திருத்தம் அனுப்புவாள். சில நாள் பொறுங்கள்.'

போகிப் பண்டிகை அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கம்போங் செட்டியில் அன்றைக்குப் பார்ச்சு. இறந்துபோன முன்னோருக்கு அவரவருக்குப் பிடித்த பதார்த்தங்களை இலையில் படைத்து, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். பதினெட்டு வருஷமாக மசாலா கொடுக்கும் பொன்னுதுரையையும் குடும்பத்தையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள் மீனாச்சி. "டீச்சரையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. வாசல் வரைக்கும் சாம்பிராணி மணந்தது. உள்ளே வெள்ளைத்துணி விரித்து ஏழு இலை போட்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் சோறு, மீன் பிண்டாங் குழம்பு, புளிப்பான பெலிம்பிங் காய்ச் சம்பால், முட்டை, பழங்கள், டோடோல். ஒரு இலையின் ஓரத்தில் ஒரு சுருட்டுக்கூட இருந்தது.

"எங்க மாமனாருக்கு," என்றாள் மீனாச்சி. "இல்லாட்டி எழுந்திரிச்சுப் போயிடுவாரு."

"இதுல என் கொத்தமல்லி எது?" என்று பொன்னுதுரை எட்டிப் பார்த்தான்.

"சும்மா இருங்க," என்று அஞ்சலை அவன் முழங்கையில் இடித்தாள். "செத்தவங்ககிட்டயும் வியாபாரமா?"

கதவைச் சாத்துவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருத்தராக இலைக்கு முன்னால் வந்து நின்று, தனக்கு என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. "கூடவே இருக்கிற என் மகனுக்கே நான் மனசுல நினைக்கிறது தெரியல. போய்ச் சேர்ந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மீனாச்சி.

அவளே முதலில் போனாள். முழங்கால் வலி குறையவேண்டும் என்று மலாயில் கேட்டாள். தேவதாஸின் தங்கை பெண்குழந்தை வேண்டும் என்றாள். அவள் புருஷன், சம்பந்தமில்லாதவன் போல மேலே பார்த்துக்கொண்டு, பையன் என்றான். வீடே சிரித்தது. தேவதாஸ் வந்து நின்று, "நான் சொல்லவேண்டியதை ஏற்கெனவே சொல்லிட்டேன். அது நடக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான். அவன் காது சிவந்திருந்தது.

"விருந்தாளிக்கும் உண்டு, வாங்க தௌக்கே," என்று மீனாச்சி கடைமுதலாளி பொன்னுதுரையை இழுத்துவிட்டாள். அவன் கைகூப்பி, "எம்மா, ஐயா, உங்களை எனக்குத் தெரியாது. ஆனா நீங்க சாப்பிடுறது என் கடை மசாலா. நல்லா இருந்தா எங்க வீட்டுப் பாப்பாவுக்கு நல்லது நடக்கணும்னு பார்த்துக்குங்க. நல்லா இல்லைன்னா அஞ்சலைகிட்ட சொல்லுங்க, அவதான் வறுத்தா," என்றான்.

அடுத்தது விஜயா.

இலைக்கு முன்னால் வந்து நின்றாள். பள்ளியில் நாற்பது பிள்ளைகள் முன்னால் தடுமாறாத நாக்கு இங்கே தடுமாறியது. மலாயில் தொடங்கினாள். ஒரு சொல்லோடு நின்றுவிட்டது.

"டீச்சர்," என்றாள் மீனாச்சி பின்னாலிருந்து. "மலாயை நாங்க பேசிக்கிறோம். எங்க ஆதி மனுஷங்க கப்பல்ல வந்தப்போ அவங்களுக்குத் தெரிஞ்சது தமிழ்தான். எத்தனையோ காலமா இந்த வீட்டுல யாரும் அவங்ககிட்டத் தமிழ்ல பேசினதில்ல. நீங்க பேசுங்க. சந்தோஷப்படுவாங்க."

விஜயா ஏழு இலைகளையும் பார்த்தாள். சுருட்டின் ஓரத்தில் சாம்பிராணிப் புகை வளைந்துகொண்டு போனது.

"உங்களுக்கெல்லாம் வணக்கம்," என்றாள் தமிழில். "நான் பொன்னுதுரை தங்கச்சி விஜயா. நான் கேட்கிறதை நீங்களும் கேட்டுக்குங்க. ஆனா நான் கேட்கவேண்டிய ஆள் இங்கே பின்னாடி நிக்கிறார்."

திரும்பினாள். அண்ணன் சிரிப்பை முடிக்காமலே நின்றான். கழுத்துத் துண்டின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். சாக்கு ஏறி ஏறி ஒரு பக்கம் சாய்ந்துபோன தோள். அதைப் பார்த்து இந்தத் தடவை அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அண்ணே," என்றாள். "அப்பா போனதிலிருந்து நான் உங்ககிட்ட வாயைத் திறந்து ஒண்ணும் கேட்டதில்ல. கேட்காமலே எல்லாம் குடுத்தீங்க. இதை மட்டும் கேட்டு வாங்கிக்கணும்னு தோணுது. சிரம்பான்காரங்களை வரவேண்டாம்னு தந்தி குடுத்திடுங்க. எனக்குத் தேவதாஸைக் கட்டி வைங்க, அண்ணே. எனக்கு அவர் வேணும்."